பரணுக்குப் போன பெரியவர்

அந்த வீட்டில் நர்ஸம்மா இருந்தாள், அவள் வீட்டுக்காரர் இருந்தார், பெரியவர் இருந்தார். பெரியவர் என்றால் மாமனாரோ சித்தப்பாவோ என்று நினைக்க வேண்டாம். சின்ன அறையில், மேஜைக்குக் கீழே நின்று இரைந்துகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் அது. பெயர் வைத்தது நர்ஸம்மாதான். காலையில் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் அன்றைக்கு முழுக்க முனகும். தூசி ஆகாது, வெயில் ஆகாது. பக்கத்தில் யாராவது கதவை அறைந்து சாத்தினால், 'ஒண்ணும் ஆகலையே' என்று அவள் வீட்டுக்காரர் ஓடி வந்து தொட்டுப் பார்ப்பார். இவ்வளவு மரியாதை கேட்கிற பிறவிக்கு வேறு என்ன பெயர் வைப்பது.

வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ஷிஃப்ட்டுக்காரர். நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பு நிலையங்களின் தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மோட்டாரை எந்த ஆள் எந்த ஷிஃப்ட்டில் பார்த்துக்கொள்வது என்று வாரா வாரம் டூட்டி சார்ட் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சார்ட்டைப் போட்டது கம்ப்யூட்டர். போடு என்று சொன்னது இவர். ஆனால் இவர் பேச்சைக் கேட்டால், ஊரில் இருக்கிற குழாயை எல்லாம் விடியற்காலையில் இவரே நடந்து போய்த் திறந்துவிட்டது போல இருக்கும்.

அந்த சார்ட் புரோகிராமில் அவர் தன் கையால் எழுதிச் சேர்த்த விதி ஒன்று உண்டு. எவனாக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் ஆஃப் இல்லாமல் அவன் பெயரைப் போட்டால், மெஷின் சார்ட்டையே ஏற்றுக்கொள்ளாது. ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, ஆள் பற்றாக்குறை, இந்த ஒரு வாரம் மட்டும் அந்த விதியைத் தூக்கிவிடு என்று கேட்டாராம். 'அது முறை இல்ல சார்' என்று இவர் சொல்லிவிட்டாராம். நர்ஸம்மா இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் பெருமையாகக் கேட்டாள். பிறகு பொறுமையாகக் கேட்டாள். இப்போதெல்லாம் அவர் பாதியில் இருமினால் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுகிறாள். தான் வேலை பார்த்த வார்டில் இப்படி ஒரு மெஷின் இருந்திருந்தால் தன் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

அலுவலகத்துக்குப் புது சிஸ்டம் வந்தபோது பெரியவரைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட முடிவு செய்தார்கள். அதே சமயம்தான் இவரும் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் மற்றவர்கள் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, ஒரு வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து பேஷண்டைக் கூட்டி வருகிற மாதிரி மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அவர் அடுத்த வாரத்துக்கான டூட்டி சார்ட் போட்டுக்கொண்டிருந்தார். பம்ப்பு நிலையங்கள் எல்லாம் தானாக ஓடுகிற மோட்டாருக்கு மாறிவிட்டன. ஆட்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், சில பேர் உலகத்தை விட்டே போய்விட்டார்கள். ஷிஃப்ட்டுக்காரரின் சார்ட்டில் மட்டும் எல்லாரும் மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

"போன வருஷம் போய்ச் சேர்ந்தாரே, அந்த மனுஷனையுமா நைட் ஷிஃப்ட்டுல போட்டிருக்கீங்க?" என்று ஒரு நாள் நர்ஸம்மா கேட்டாள்.

"ஆர்டர் வரணும்மா. மேலேருந்து ஆர்டர் வராம நானா ஒருத்தர் பேரை எடுக்க முடியாது."

"உங்க பேரும் இருக்கு."

"எனக்கும் ஆர்டர் வரல" என்றார் அவர், திரையைப் பார்த்துக்கொண்டே. அலுவலகம் கொடுத்த ஓய்வு உத்தரவு பீரோவில்தான் இருந்தது. பெரியவருக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர் யூனிக்ஸ் பேசுகிற ஆள். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். நாம் தட்டுகிற கட்டளை சரியாக இருந்தால் வாயே திறக்காது. தப்பாக இருந்தால் மட்டும் உடனே சொல்லும். 'எங்க மாமியாரும் இப்படித்தான்' என்று நர்ஸம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

இப்படியே போயிருக்கும். பெரியக்கா படியில் வழுக்கி விழுந்தாள்.

பெரியக்கா என்பது நர்ஸம்மாவின் கூடப்பிறந்த அக்கா. தன் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், தனியாக ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தவள். இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசியில் அனுப்பிவிடுவோம், ஆனால் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸம்மா வீடு தரைத் தளம். யோசிக்க என்ன இருக்கிறது. 'நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா, உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு' என்று கட்டிலோரம் நின்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா சாகும்போது தன் டூட்டியை மாற்றிக்கொள்ள முடியாமல் வார்டில் நின்றவள் அவள். அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருந்தது பெரியக்கா மட்டும்தான். இந்த ஒரு வாக்கு தவறினால் தன் மூஞ்சியைத் தானே கண்ணாடியில் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அக்காவுக்குக் கொடுக்க இருக்கிற ஒரே ரூமில் பெரியவர் இருந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால் ஷிஃப்ட்டுக்காரர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "தாராளமா வரட்டும். ஒரு நெட்வொர்க் கார்டு போட்டுட்டா போதும், பெரியவரைப் பரண்ல ஏத்திடலாம். அவருக்குத் திரையும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். பொண்ணு விட்டுட்டுப் போன லேப்டாப் இருக்குல்ல, ஹால்ல உட்கார்ந்து அதுலேருந்தே உள்ள போய் வேலை பார்த்துப்பேன். ஒரு வயர் இழுத்தா முடிஞ்சுது" என்றார். அவர் வாயால் அவரே மாட்டிக்கொண்டது அப்போதுதான். இதைப் பல வருஷமாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமைக்குச் சொல்லிவந்தார். யாரும் 'சரி, போடுங்க' என்று சொன்னதில்லை.

நர்ஸம்மா சொன்னாள்.

முதலில் புதுக் கார்டு வாங்கி வந்தார். பெரியவர் உடம்பில் இருக்கிற பள்ளம் வேறு, கார்டின் பல் வேறு. கடைக்குப் போய், இந்த மாதிரிப் பழைய ஸ்லாட்டுக்கு ஏதாவது இருக்கா என்று கேட்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, உட்கார நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாராம். கடைசியில் பழைய கம்ப்யூட்டர் உடைத்து விற்கிற ஆளிடம் பொருத்தமான கார்டு ஒன்று கிடைத்தது. அதன் முதுகில் 'செக் செய்தது, ஓகே' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எதில் வைத்துச் செக் செய்தார் என்று கேட்டதற்கு, ஸ்டிக்கர் மொத்தமாக வாங்கியது என்று உண்மையைச் சொன்னாராம். அந்த நேர்மையை ஷிஃப்ட்டுக்காரர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் பாராட்டினார்.

மறுநாள் புதுப் பிரச்சினை வந்தது.

"கார்டுல ஒரு சின்ன கறுப்பு மூடி இருக்கணும். மிளகு சைஸ்தான் இருக்கும். ரெண்டு கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும், ஜம்பர்னு பேரு. அது இல்ல."

"மிளகு சைஸ் மூடி இல்லாததுக்கா எங்கக்கா ரோட்டுல நிக்கணும்?"

"புரியாம பேசாத. ஒரு வீட்டுல நாலு பேருக்கும் தனித்தனி காலிங் பெல்னு வெச்சுக்கோ. கார்டு எந்த பெல்லை அடிக்கும்னு அந்த மூடிதான் சொல்லுது. மூடி இல்லன்னா கார்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருக்கும், பெரியவருக்கு ஆள் வந்ததே தெரியாது."

நர்ஸம்மா விடுகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சாயங்காலங்களில் பக்கத்துத் தெரு டாக்டரின் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். அவர் பையில் கைவிட்டு, குப்பைக்குப் போக வேண்டியவை என்று ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தார். அவற்றை மாத்திரைக் கவரில் போட்டு மடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் கொட்டினாள். ஷிஃப்ட்டுக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜோடிப் பொருத்தம் பார்க்கிறவர்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"சைஸ் வேற" என்றார் கடைசியில், ரொம்ப வருத்தமாக.

அவள் நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, 'பாவம், இவரும் என்னதான் செய்வார்' என்று அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தாள். அதைத்தான் பின்னால் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

ஷிஃப்ட்டுக்காரருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் என்று மூன்று வேளையும் மாத்திரை உண்டு. கிழமைக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு குழி என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஞாயிற்றுக்கிழமை மதியக் குழி மட்டும் காலியாக இருக்கும். அந்த ஒரு வேளைக்கு மட்டும் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரக் கடைசியில் நர்ஸம்மா டப்பாவைத் துடைத்து நிரப்ப உட்கார்ந்தாள். காலிக் குழியில் கறுப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மிளகு சைஸ். மெக்கானிக் கொடுத்தவை இருந்த கவரைத் தேடி எடுத்து, அதிலிருந்து ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள்கூட அவ்வளவு ஒன்றுபோல் இருக்காது.

ஒரு வீட்டில் பொருளை ஒளிக்க எத்தனை இடம் இருக்கிறது. ஷூவுக்குள் போடலாம், பல்பு டப்பாவில் போடலாம், பெரியவரின் வயிற்றுக்குள்ளேயே போடலாம். இந்த மனிதர், தானே எப்போதும் காலியாகப் பார்க்கிற குழி உலகத்துக்கே காலி என்று நம்பி, ஒரு நர்ஸ் தன் கையால் நிரப்புகிற மாத்திரை டப்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு வினாடி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வினாடி பெரியக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு காரிடாரில் தட்டுத் தடுமாறி நடந்தது ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் கத்தவில்லை. மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும், வழக்கம்போல மாத்திரைகளைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் டம்ளரோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று.

"இந்தாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். வெள்ளையை எடுத்து விழுங்கினார். மஞ்சளை எடுத்து விழுங்கினார். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, தீரவே கூடாது என்கிற மாதிரிக் குடித்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் நர்ஸம்மா.

"பார்த்தேன்."

"நான் தெருத்தெருவா கேட்டு வாங்கிட்டு வந்தேன். சைஸ் வேறன்னு சொன்னீங்க. அதுவும் வருத்தமா சொன்னீங்க."

அவர் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "அக்கா வர்றது எனக்குப் பிடிக்கலன்னு நினைச்சுடாத" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "பெரியவர் பரணுக்குப் போயிட்டா நான் எங்க போறது?"

"ஹால்ல உட்காருங்க. நாற்காலி இல்லையா?"

"ஹால்ல உட்கார்ந்தா நான் சும்மா உட்கார்ந்திருக்கற ஆளு. உள்ள உட்கார்ந்தா வேலையா இருக்கற ஆளு. உனக்கு இது புரியாது, உனக்கு கிளினிக் இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் எரிச்சலாக இருந்தது. கிளினிக்குக்குத் தான் எதற்குப் போகிறோம் என்று அவளை யாராவது கேட்டிருந்தால், அவளும் ஏதாவது சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருப்பாள். இரக்கம் எட்டிப் பார்த்தது. அதைக் கையோடு உள்ளே அனுப்பிவிட்டு, "வெள்ளிக்கிழமை அக்கா வர்றா" என்றாள். "அதுக்குள்ள அந்த மூடி அது இடத்துல இருக்கணும், பெரியவர் அவர் இடத்துல இருக்கணும்." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கறுப்பு மூடியை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே அவர் மூடியைப் போட்டார். கார்டைச் செருகினார். கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமைச் சேர்த்து, யூனிக்ஸின் நடு மையமான கெர்னலை மறுபடியும் கட்டி எழுப்பச் சொன்னார். பெரியவர் மதியம் முழுக்க உள்ளுக்குள் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தபோது, புதிதாக ஒரு கார்டு வந்திருக்கிறது என்று முறையாக அறிவித்தார். ஹால் சுவரில் இருந்த ரவுட்டரிலிருந்து வயரை இழுத்துவந்து மாட்டி, 'அங்கே யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்கிற கட்டளையைத் தட்டினார் ஷிஃப்ட்டுக்காரர்.

யாரும் இல்லை. மறுபடி கேட்டார். பதில் வரவில்லை.

ஹாலுக்கு வந்து, "வேலை செய்யல" என்றார்.

நர்ஸம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

"இல்லம்மா, நிஜமாவே வேலை செய்யல."

"நான்தான் சரின்னு சொல்லிட்டேனே. இந்தத் தடவை எந்த டப்பாவுல இருக்கு?"

அந்த இடத்தில்தான் மனிதருக்கு ரோஷம் வந்தது. கார்டு வேலை செய்யக் கூடாது என்று அத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தவர், அவர் கேட்காமலேயே அது வேலை செய்யாமல் போனதும் கொதித்துப்போனார். தான் செய்யாமல் இருப்பது வேறு, தன்னால் முடியாமல் போவது வேறு. வயரை மாற்றினார். அதே வயர் லேப்டாப்பில் வேலை செய்தது. நெட்வொர்க் முகவரியை மாற்றினார். கெர்னலை மறுபடி கட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வாயில் ஸ்க்ரூவோடு வந்தார். புதன்கிழமை வந்தது, போனது. பெரியக்காவை அழைத்து வர வண்டிக்காரரிடம் நேரம் பேசி முடித்தாயிற்று. கட்டில் வாடகைக்கு வந்து, ஹாலில் சுவரோரம் சாய்ந்து நின்றது. அறைக்கு உள்ளே போக அதற்கு வழி இல்லை. நர்ஸம்மா அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஹால் நடுவில் கட்டிலைப் போட்டு, போகிறவர் வருகிறவர் முன்னால் அக்காவைத் துணி மாற்றவைக்க வேண்டியதுதானா என்று நினைத்து, கட்டிலை இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டித் தள்ளினாள்.

வியாழக்கிழமை காலை அவள் அறை வாசலில் வந்து நின்றாள். அவர் தரையில் சம்மணம் போட்டு, பெரியவரின் பெட்டியைத் திறந்துவைத்து, பேட்டரி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. இது நடிப்பு இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பேஷண்டுகளைப் பார்த்தவளுக்கு, வலிக்கிறவன் முகமும் வலிக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறவன் முகமும் வேறு என்று தெரியாதா.

"என்னதான் ஆச்சு?"

"கார்டு இருக்குன்னு பெரியவர் சொல்றாரு. வயர் நல்லா இருக்கு. ஆனா மாட்டின இடத்துல லைட்டே எரியல. காது கேட்காதவன்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

"அந்தக் கார்டைக் கழட்டிட்டு ஒரு வாய் சாப்பிடுங்க. வெறும் வயித்துல மாத்திரை போட முடியாது."

சாப்பிடும்போதும் கார்டு பக்கத்திலேயே இருந்தது. ஒரு கை சாப்பிட்டது, மறு கை கார்டைத் திருப்பிக்கொண்டிருந்தது. 'செக் செய்தது, ஓகே' ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரல் சும்மா சுரண்டியது. பாதி உரிந்ததும் அடியில் வெள்ளையாகப் பொடி எழுத்து தெரிந்தது. அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். முழுக்க உரித்தார். அந்தக் கார்டுக்குப் பின்பக்கம் இரண்டு வாய் இருந்தது. ஒன்று இந்தக் காலத்து வயருக்கு. இன்னொன்று, ஒரு காலத்தில் அலுவலகங்களில் ஓடிய உருண்டை கேபிளுக்கு. எந்த வாயில் பேசுவது என்று முடிவு செய்ய இன்னொரு ஜம்பர் உண்டு, அது எங்கே இருக்க வேண்டும் என்று அந்தப் பொடி எழுத்து சொன்னது. கார்டு இத்தனை நாளும் உருண்டை வாயில்தான் பேசிக்கொண்டிருந்தது. எல்லாம் ஓகே என்று சொன்ன ஸ்டிக்கர், எது ஓகே இல்லை என்பதைச் சரியாக மறைத்து ஒட்டப்பட்டிருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். இடது கையால் ஜம்பரைப் பிடுங்கிப் பக்கத்தில் மாற்றினார், கார்டைச் செருகினார், பெரியவரை எழுப்பினார். வயரை மாட்டியதும் கார்டின் முனையில் பச்சையாக ஒரு பொட்டு எரிந்தது. கட்டளையைத் தட்டினார். ரவுட்டரிடமிருந்து பதில் வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு நிற்காமல், வரி வரியாகத் திரை முழுக்கப் பதில் ஓடியது.

"வந்துடுச்சு" என்று கத்தினார். "இங்க வா, வந்து பாரு, வந்துடுச்சு."

நர்ஸம்மா ஓடிவந்தாள். பச்சை வரிகளில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். முதல் குழந்தை பிறந்தபோது லேபர் வார்டு வாசலில் இருந்த முகம் அது. "இவர் கேட்கறாரு, அது பதில் சொல்லுது. இத்தனை வருஷத்துல முதல் தடவை வெளியாள்கூட பேசறாரு" என்றார். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தான் இப்போது என்ன செய்து முடித்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளி வைத்தார்.

"பரணைத் துடைச்சுட்டியா?" என்று கேட்டார்.

"துடைச்சு நாலு நாளாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். ஜெயித்தது அவள்தான். ஏன் நன்றாக இல்லை என்று தெரியவில்லை.

சாயங்காலம் மாடி வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து பெரியவரைப் பரணில் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை பெரியக்கா வந்தாள். கட்டில் உள்ளே போயிருந்தது, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தது, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர், மணி, விளக்கு எல்லாம் இருந்தது. பெரியக்கா எல்லாவற்றையும் பார்த்து, "ராணி ரூம் மாதிரி இருக்குடி" என்று கண் கலங்கினாள். பிறகு வாக்கரைத் திருப்பி, டக் டக்கென்று ஹாலுக்கு வந்து, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அதுதான் அவள் இடம். காலை எழுந்ததும் ஹால். படுக்கப் போகும்வரை ஹால். "அவ்வளவு நாள் ஆஸ்பத்திரியில சுவத்தையே பார்த்துட்டு வந்திருக்கேன். மறுபடியும் ரூமுக்குள்ள போய்ச் சுவத்தையா பார்க்கணும்? இங்க நாலு மனுஷ முகம் தெரியுது" என்றாள். மற்ற முகங்களைத் தேடினால் ஷிஃப்ட்டுக்காரர் முகம்தான் இருந்தது. எதிர் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு அவர் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பின் ஒரு மூலையில் அதே பச்சை எழுத்து. வயர் வழியாகப் பரணுக்குப் போய்ப் பெரியவரிடம் பேச ஆரம்பிப்பார்.

"தம்பி, சும்மாதானே இருக்கீங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன்" என்பாள் பெரியக்கா.

எழுந்து குறைப்பார்.

"சும்மாதானே இருக்கீங்க, வாசல்ல யாருன்னு பாருங்க."

அவர் எதற்குப் பயந்தாரோ அந்த வார்த்தையைப் பெரியக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அன்பாகச் சொன்னாள். ராணி ரூம் பகல் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட்டுக்காரர் காலி அறையைப் பார்த்தார், பெரியக்காவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் தெளிந்தது. இது ஷிஃப்ட் பிரச்சினை. ஷிஃப்ட் பிரச்சினையில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

சார்ட்டில் பம்ப்பு நிலையங்களுக்குக் கீழே புதிதாக ஒரு நிலையம் திறந்தார். அதற்கு வீடு என்று பெயர் கொடுத்தார். மோட்டார்களுக்குப் பதில் அறை, ஹால், சமையல் என்று போட்டார். அறை: இரவு பெரியக்கா, பகல் ஷிஃப்ட்டுக்காரர். ஹால்: பகல் பெரியக்கா. இருவருக்கும் புதன்கிழமை ஆஃப். சமையல்: காலை, மதியம், இரவு மூன்றும் நர்ஸம்மா, எல்லா நாளும். ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, சார்ட் போடச் சொல்லித் தட்டினார்.

பரணில் பெரியவர் இரைந்தார். திரையில் ஒரு வரி வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். மறுபடி தட்டினார். மறுபடி அதே வரி.

"என்னங்க, திரும்பவும் மூடி காணோமா?" என்று நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏத்துக்க மாட்டேங்குது."

"எதை?"

"சார்ட்டை." அவர் திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தார். அவள் அதற்குள் குனிந்து படித்துவிட்டாள். ஊழியர் நர்ஸம்மா: வார ஆஃப் இல்லை. சார்ட் நிராகரிக்கப்பட்டது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரோ, அவர் வீட்டாரோ, பிள்ளைகளோ, ஏன் அவளேகூடக் கேட்காத ஒன்றை, பரணில் உட்கார்ந்துகொண்டு அந்த மெஷின் கேட்டிருந்தது. நர்ஸம்மா நிமிர்ந்தாள். துடைத்த கையைப் புடவைத் தலைப்பில் இன்னொரு தடவை துடைத்தாள்.

"அந்த விதியை எடுத்துட வேண்டியதுதானே" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "உங்களாலதான் முடியுமே. நீங்க எழுதினதுதானே."

முடியும்தான். பெரியவரிடம் எல்லா அதிகாரமும் உள்ள ஒரே ஆள் அவர். ஒரு வரியை அழித்தால் முடிந்தது. விரல் கீபோர்டுக்குமேல் கொஞ்ச நேரம் நின்றது. பெரியக்கா வாக்கரைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது முறை இல்ல" என்றார் ஷிஃப்ட்டுக்காரர், ரொம்ப மெதுவாக. பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் மூன்று வேளைக்கும் தன் பெயரைத் தட்டினார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சரியாக இருந்தால் அது வாய் திறக்காது.

மறுநாள் காலை சமையலறையில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. எண்ணெய் காய்ந்து கருகிய வாசனை ஹாலுக்கு வந்தது. நர்ஸம்மா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு முதுகைச் சாய்த்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?" என்றாள் பெரியக்கா.

"சும்மா உட்கார்ந்திருக்கேன்க்கா."

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "ஏம்மா, உப்பு எந்த டப்பாவுல இருக்கு?"

பெரியக்கா அவளைப் பார்த்தாள். நர்ஸம்மா நகரவில்லை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு சுகமான வேலை என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று இருந்தது.

"ஆஃப்ல இருக்கறவங்களைக் கூப்பிடக் கூடாதுங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். "அது முறை இல்ல."